குளிர் மலையும் கொதிக்கும் வண்டியும்

சித்திரை பிறந்துவிட்டால் தமிழ்நாட்டு ஜனங்கள் இரண்டே ஜாதிதான். கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஒரு ஜாதி. போகிறவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் இன்னொரு ஜாதி. போய் வந்தவர்கள் அந்த மலையின் குளிரைப் பற்றிப் பேசுவார்கள். ஏரியைப் பற்றியும், மேகம் ஜன்னல் வழியாக அறைக்குள் நுழைந்ததைப் பற்றியும், இரண்டு கம்பளிக்கும் அடங்காமல் பல் கிட்டிப் போனதைப் பற்றியும் சொல்லுவார்கள். என்னைப் போன்ற கதை எழுதுகிறவர்களோ, காதலர்களை மூடுபனியில் சந்திக்க வைப்பதற்கென்றே அந்த மலையைப் பட்டா போட்டு வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் அந்தக் குளிருக்குப் போய்ச் சேருவதற்குள் எத்தனை சூடு பிறக்கிறது, அந்தச் சூட்டை யார் கட்டி ஆளுகிறார்கள் என்பதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. வத்தலக்குண்டில் வேர்த்துக் கொட்டுகிற மனிதனை ஏழாயிரம் அடி உயரத்துக்குத் தூக்கிப் போய் ஸ்வெட்டர் போடச் செய்வதென்றால், அதற்கு எங்கேயோ ஏதோ ஒன்று கொதித்துத்தான் ஆக வேண்டும். அந்தக் கொதிப்பைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன்.

ஒரு காலத்தில் கொதித்தது மனித ரத்தம். அமெரிக்கப் பாதிரிமார்கள் மதுரையின் வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் 1845-இல் இந்த மலைமேல் முதன்முதலாக வீடு கட்டினார்கள். பெரியகுளத்துப் பக்கம், அடிவாரத்திலே கிருஷ்ணம நாயக்கன் தோப்பு என்று ஓர் இடம். அங்கே வரைக்கும் மாட்டு வண்டி. அங்கிருந்து மேலே ஒற்றையடிப் பாதை. துரைகளும் துரைசானிகளும் குதிரையிலோ, டோலியிலோ ஏறிக்கொள்ளுவார்கள். டோலியைச் சுமந்தவர்கள் நம் ஜனங்கள். அந்தப் பாதைக்கே ‘கூலி காட்’ என்றுதான் பெயர். வெள்ளைக்காரர்கள் சூட்டுவதற்குப் பெயர் தேடித் தலையைச் சொறியவில்லை; சுமந்தவனுடைய உத்தியோகத்தையே பாதைக்கு வைத்துவிட்டார்கள். 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை ஏரியை உண்டாக்கினார். 1875-இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அம்மையநாயக்கனூர் ஸ்டேஷன் பிற்பாடு கொடைரோடு ஆயிற்று. லா என்ற ஆங்கிலேய இஞ்சினீயர் மலையைச் சுற்றிச் சுற்றி ஒரு வண்டிப் பாதைக்குத் திட்டம் போட்டார். அவர் திட்டம் போட்டது அந்த எழுபதுகளில். பாதை முடிந்து போக்குவரத்துக்கு வந்தது 1914-இல்! அவர் பெயரால் இன்றும் அதை ‘லாஸ் காட்’ என்கிறார்கள். அன்றைக்குத்தான் டோலிக்காரன் தோளிலிருந்து அந்தச் சுமை இறங்கி யந்திரத்தின் தலையில் ஏறியது.

சுமக்கிறவன் மாறினானே தவிர, சுமையின் கணக்கு மாறவில்லை. மேலே ஏற வேண்டுமென்றால் சக்தி வேண்டும். சக்தி இருக்கும் இடத்தில் சூடு இருக்கும். டோலிக்காரனுக்கு வேர்வையாக வந்தது, வண்டிக்கு ஆவியாக வருகிறது.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக் கொடுத்தவர் ஒரு லாரி டிரைவர். எழுதிக்கொண்டிருந்த நாவலில் ஒரு மலைப்பாதை வந்தது. பஸ்ஸில் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தது போதாது, வண்டிக்காரர்களுடன் போக வேண்டும் என்று தோன்றவே, நண்பர் ஒருவர் வத்தலக்குண்டு மண்டிக்காரர்களிடம் சொல்லி ஏற்பாடு செய்தார். டிரைவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் பட்டையாக விபூதி. முப்பது வருஷங்களாக இதே மலையில் ஏறி இறங்குகிறவர். ஏறும்போது அரிசியும் சிமெண்டும். இறங்கும்போது காரட்டும் உருளைக்கிழங்கும் பேரிக்காயும் மலைப்பூண்டும். உதவிக்கு ஒரு கிளீனர் பையன். நான் அவரை ‘அண்ணே’ என்றேன். அவர் என்னை ‘ஸார்’ என்றார். கடைசி வரையில் அந்த ‘ஸாரை’ விட மறுத்துவிட்டார்.

விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பட்டோம். “வெயிலுக்கு முன்னாடி ஏறிரணும் ஸார். கீழ அடிக்கிற வெயிலும் இஞ்சின் சூடும் ஒண்ணாச் சேந்தா வண்டி அழுதுரும்” என்றார். கெங்குவார்பட்டி தாண்டி காட்ரோடு வந்ததும் வண்டியை ஓரம் கட்டினார். பையன் குதித்து ரேடியேட்டர் தண்ணீர், எண்ணெய், ஃபேன் பெல்ட் மூன்றையும் பார்த்தான். சக்கரத்துக்குப் போடும் கட்டை இருக்கிறதா என்று பார்த்தான். தண்ணீர் கேன் இரண்டையும் தட்டிப் பார்த்தான். பிறகுதான் மலை ஆரம்பம்.

ஏற்றத்தில் வண்டி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். இஞ்சின் உறுமும், வண்டியோ நடக்கிற மாதிரி போகும். அங்கேதான் சங்கடம் இருக்கிறது. சமவெளியில் ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரில் மோதிச் சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது. மலையில் வேலை மும்மடங்கு. காற்றோ கால் பங்கு. டீஸலில் இருக்கிற சக்தியில் ஐந்தில் இரண்டு பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பெரிய விஷயம். மீதியெல்லாம் புகையோடும் தண்ணீரோடும் சூடாகப் போக வேண்டியதுதான். போகவில்லையென்றால் இஞ்சின் போய்விடும்.

“இந்த முள்ளைப் பாத்துக்கிட்டே இருங்க ஸார்” என்று எனக்கு ஓர் உத்தியோகம் கொடுத்தார். டாஷ்போர்டில் ஒரு சின்ன முள். நடுவுக்குச் சற்று மேலே நின்றது. அவர் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முன்பாகவே கியரைக் குறைத்துக்கொண்டார். வளைவுக்குள் போன பிறகு திணறிக்கொண்டு மாற்றுவதே கிடையாது. “இஞ்சின் முக்கிச்சுன்னா சூடு ஏறும். அது முக்குறதுக்கு முன்னாடி நாம எறங்கிப் போயிரணும். பெரிய கியர்ல முக்கிக்கிட்டு ஏறுறது, வயசான அப்பனை மூட்டை தூக்கச் சொல்ற மாதிரி” என்றார். கியர் குறைந்தால் இஞ்சின் வேகமாகச் சுற்றும். அத்துடன் விசிறியும், தண்ணீரைத் தள்ளும் பம்பும் வேகமாகச் சுற்றும். சத்தம் அதிகம், சூடு குறைவு. அதைப் புத்தகம் படித்துச் சொல்லவில்லை அவர். காதால் கேட்டே தெரிந்துகொண்டிருந்தார்.

டம்டம் பாறை என்று ஓர் இடம். எதிரே தலையாறு அருவி, எலி வாலைப் போல ஏறக்குறைய ஆயிரம் அடி தொங்கும். அந்த அழகைப் பார்ப்பதற்காக எல்லா வண்டியும் நிற்கிறது என்று நான் நினைத்திருந்தேன். பாதி வண்டிகள் அருவிக்காக நிற்கின்றன. மீதிப் பாதி கொதித்துப் போய் நிற்கின்றன. நாங்கள் போனபோது ஒரு புதுக் காரின் முன்மூடி திறந்திருந்தது. அதிலிருந்து வெள்ளைப் புகை. காரின் சொந்தக்காரர் கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். எங்கள் பையன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டான். முன்பின் தெரியாத ஒரு பையன் சட்டையைப் பிடித்து இழுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? அவருக்கும் வந்தது. “ஐயா, மூஞ்சி வெந்து போயிரும்யா!” என்றான் பையன். அதற்குமேல் அவர் பேசவில்லை.

நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இந்த விஷயத்தை விளக்க வேண்டியதே இல்லை. ரேடியேட்டர் என்பது ஒரு பிரஷர் குக்கர், அவ்வளவுதான். தரைமட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கொடைக்கானல் உயரத்திலே 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே குடியிருக்கிறவர்கள் திறந்த பாத்திரத்தில் சாதம் வைத்தால் வேக நேரமாகிறது என்று சொல்லுவதற்கு அதுதான் காரணம். குக்கரில் மூடி அமுக்கி வைப்பதால், கொதிநிலை 120 டிகிரி வரைக்கும் ஏறுகிறது. வண்டியின் மூடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. மூடிக்குள் 110 டிகிரியில் தண்ணீராக அடங்கிக் கிடப்பது, மூடியைத் திறந்த கணத்தில் ஆவியாகப் பொங்கி முகத்தில் பாயும். ஆவி அடங்காத குக்கரைத் திறக்கிறவர் யாராவது உண்டா? ஆனால் சமையல் அறைப் பக்கமே போகாத புருஷர்கள் மலையிலே வந்து அதைத்தான் செய்கிறார்கள்.

எங்கள் டிரைவர் இறங்கிப் போய், அந்தக் காரை இன்னும் பத்து நிமிஷத்துக்கு மூடியோடு விட்டுவிடச் சொன்னார். அது கியர் மாற்ற வேண்டாத கார். தானாகவே மாற்றிக்கொள்ளும். “கீழ இருந்து வரிசையா நின்னு நின்னு வந்தீங்களா?” என்று கேட்டார். ஆமாம், இரண்டு மணி நேரமாக ஊர்ந்து வந்தார்களாம். “அப்ப தண்ணி மட்டும் சுட்டிருக்காது, கியர்பாக்ஸும் சுட்டிருக்கும். மோந்து பாருங்க” என்றார். உண்மையில் ஒரு கருகல் வாடை இருந்தது. ஏற்றத்தில் பிரேக்கைப் போடாமல், ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பின்னால் உருளாமல் நிறுத்தி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார் அந்த மனிதர். வண்டி நகரவில்லை, இஞ்சின் மட்டும் உழைத்திருக்கிறது. அந்த உழைப்பெல்லாம் எங்கே போகும்? கியர்பாக்ஸுக்குள் சூடாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

இதைக் கேட்டபோது எனக்குக் கனடாவிலிருந்து வந்த ஒரு கடிதம் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருடைய தம்பி டொராண்டோவில் இருக்கிறார். மாரிக்காலத்தில் தெருவிலே விழும் பனியை லாரியின் முன்னால் பெரிய தகட்டைக் கட்டித் தள்ளுகிற வேலை. வெளியிலே பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி. மூச்சு விட்டால் மீசையில் உறைகிறது. அந்தக் குளிரில் அவருக்கிருக்கும் பெரிய கவலை என்ன தெரியுமா? கியர்பாக்ஸ் எண்ணெய் கொதித்துவிடப் போகிறதே என்பதுதான்!

முதலில் நம்பிக்கை வரவில்லை. யோசித்துப் பார்த்தால் வியப்பே இல்லை. தானாகக் கியர் மாறும் வண்டியில், இஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் நிரம்பிய ஒரு குடுவை இருக்கிறது. உள்ளே எதிரும் புதிருமாக இரண்டு விசிறிகள். இஞ்சின் ஒன்றைச் சுற்றும். அது எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் மற்றதைச் சுற்றும். நேர்ச்சாலையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றுவதால் வம்பில்லை. பனி மேட்டில் தகடு முட்டிக்கொண்டு வண்டி நின்றுவிட்டால், ஒரு விசிறி சுழல்கிறது, மற்றொன்று நிற்கிறது. நடுவில் அகப்பட்ட எண்ணெய் கடைபட்டே சூடாகிறது. முன்னே தள்ளி, பின்னே இழுத்து, மறுபடி முன்னே தள்ளி, இப்படி ராத்திரி முழுவதும். போதாக்குறைக்கு முன்னால் கட்டிய தகடு, ரேடியேட்டருக்கு வருகிற காற்றையும் மறைத்துவிடுகிறது. அந்த எண்ணெய் 80, 90 டிகிரியில் சுகமாக இருக்கும். 120-ஐத் தாண்டினால் சீக்கிரத்தில் கெட்டுக் கருகிப் போகும். ஆகவே அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறார். கீழ்க் கியரில் போட்டுக்கொள்ளுகிறார். ஒரே மூச்சில் மலையைத் தள்ளாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிறார். முள் ஏறினால் நியூட்ரலில் போட்டு இஞ்சினை ஓடவிட்டபடியே சற்று நேரம் நிற்கிறார். எண்ணெயைக் குளிரச் செய்ய இன்னொரு சிறு ரேடியேட்டரும் பொருத்தியிருக்கிறாராம்.

பழநி மலையில் பனிமழை பெய்யாது. மார்கழி, தையில் புல்லின்மேல் உறைபனி படிந்து வெள்ளை விரிக்கும். வெயில் ஏறினால் போய்விடும். அதைத் தள்ள லாரி வேண்டியதில்லை. நம் தேசத்தில் அந்த வேலை இமயத்திலே நடக்கிறது. 1960-இல் ஏற்பட்ட எல்லைச் சாலை நிறுவனத்தார் சோஜி லாவிலும் ரோதாங்கிலும் ஆண்டுதோறும் பனியை வெட்டிப் பாதை திறக்கிறார்கள். 2020-இல் ரோதாங்குக்கு அடியில் அடல் சுரங்கம் திறந்த பிறகு லாஹூல் ஜனங்களுக்கு மாரிக்காலச் சிறை தீர்ந்தது; மேலே கணவாயில் பனி வெட்டுவது தீரவில்லை. ரோதாங்கில் பனியைத் தள்ளுகிறவனும், டொராண்டோவில் தள்ளுகிறவனும், டம்டம் பாறையில் வரிசையில் நிற்கிறவனும் ஒரே சங்கடத்தில்தான் இருக்கிறார்கள். வேலை அதிகம், நகர்ச்சி குறைவு, காற்று இல்லை. வெளியே எத்தனை குளிராக இருந்தாலும் உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

அந்தக் கார்க்காரர் அரை மணி நேரம் கழித்துப் புறப்பட்டுப் போனார். நாங்களும் ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி அருவி, செண்பகனூர் என்று ஏறிப் போய்ச் சேர்ந்தோம். மேலே போனதும் டிரைவர் இஞ்சினை உடனே நிறுத்தவில்லை. இரண்டு மூன்று நிமிஷம் சும்மா ஓடவிட்டு, முள் கீழே வந்த பிறகு நிறுத்தினார். “ஓடி வந்தவனை உடனே உக்காரச் சொல்லக் கூடாது ஸார்” என்றார். சரக்கு இறக்கி, சரக்கு ஏற்றி முடிய மத்தியானம் ஆயிற்று. அந்த நேரத்தில் நான் வானாராய்ச்சிக் கூடத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தேன். 1899-இல் ஏற்பட்டது. சூரியனிலுள்ள கரும்புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்கிறது என்று எவர்ஷெட் என்பவர் 1909-இல் கண்டது இங்கேதான். ஐயாயிரத்தைந்நூறு டிகிரி சூட்டை இந்தக் குளிரில் நின்றுகொண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். எங்கள் டிரைவரும் ஒரு வகையில் அதே தொழில்காரர்தான் என்று எண்ணிக்கொண்டேன். சம்பளம்தான் வேறு.

ஏற்றத்தின் கதை இதுவரை. உண்மையான கண்டம் இறக்கத்தில்தான் இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. ஏறும்போது தவறினால் வண்டி நின்றுபோகும். இறங்கும்போது தவறினால் வண்டி நிற்காமல் போகும்.

காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினாறு டன் பாரமுள்ள லாரி கொடைக்கானலிலிருந்து அடிவாரம் வரை ஏறக்குறைய 1,800 மீட்டர் கீழே இறங்குகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிற பாரம் வெளிவிடும் சக்தி, ஏறக்குறைய 950 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஒரு கல்யாண வீட்டின் வெந்நீர்! அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மீதியை எங்கே போடுவது? பிரேக்கின்மேல் போட்டால், சக்கரத்துக்குள் இருக்கும் நாலு இரும்பு டிரம்கள் அத்தனையையும் வாங்கிக்கொள்ள வேண்டும். டிரம் சுட்டால் விரியும். விரிந்தால் லைனிங்குக்கு எட்டாமல் விலகிப் போகும். லைனிங்கும் சுட்டால் வழுக்கும். எத்தனை பலமாக மிதித்தாலும் பிடிப்பு இராது. பயந்து போய் மிதித்து மிதித்து விட்டால் ஏர் டாங்கியில் காற்றும் தீர்ந்துவிடும்.

“அதுனாலதான் ஸார், எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல எறங்குன்னு என் வாத்தியார் சொல்லுவாரு. இந்த மலைக்கு அதுதான் வேதம்” என்றார். கீழ்க் கியரில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால் சக்கரம் இஞ்சினைச் சுற்ற வேண்டியிருக்கும். இஞ்சின் சண்டி மாடு மாதிரி பின்னுக்கு இழுக்கும். அதனுடன் எக்ஸாஸ்ட் பிரேக்கையும் போட்டுப் புகை போகும் வழியை அடைத்தால் இன்னும் இழுக்கும். மலையிறக்கத்தின் சூடு பிரேக்குக்குப் போகாமல் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் காற்றோடு போய்விடும். பிரேக்கை அவர் அவ்வப்போது அழுத்தி, வேகத்தைக் குறைத்து, உடனே விட்டுவிட்டார். காலை அதன்மேல் வைத்துக்கொண்டே வரும் வழக்கம் இல்லை. எதிரே ஏறி வந்த வண்டிகளுக்கெல்லாம் ஒதுங்கி நின்றார். இறங்குகிறவன் ஏறுகிறவனுக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதியிலேயே இருக்கிறது. மலையில் நின்று ஏறுவதன் கஷ்டம் தெரிந்த யாரோதான் அதை எழுதியிருக்க வேண்டும்.

ஊத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். பின்னாலிருந்து ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது. கடந்து போன வேகத்திலேயே ஒரு நாற்றம் அடித்தது. டிரைவரின் முகம் மாறிவிட்டது. “லைனிங் கருகுது. முன் சக்கரத்துல புகையைப் பாருங்க” என்றார். விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். ஹாரனை விடாமல் அடித்தார். நல்ல வேளையாக, அடுத்த வளைவுக்கு அப்பால் ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்ததால் வேன் வேகம் குறைந்து, அகலமான ஓர் ஓரத்தில் எப்படியோ நின்றது. எங்கள் பையன் வண்டி நிற்பதற்கு முன்னாலேயே கட்டையோடு குதித்து ஓடி, வேனின் சக்கரத்துக்கு அடியில் அதைச் செருகினான்.

வேனில் பன்னிரண்டு பேர். இரண்டு குழந்தைகள், ஒரு கைக்குழந்தை. ஓட்டி வந்தவனுக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேலிராது. “பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுதுண்ணே” என்றான். அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வேனில் பிரேக் எண்ணெயால் வேலை செய்வது. சக்கரத்தின் சூட்டில் அந்த எண்ணெயே கொதித்துக் குமிழி கட்டிவிட்டது. எண்ணெயை அழுத்தினால் பிரேக் பிடிக்கும். குமிழியை அழுத்தினால் குமிழிதான் நசுங்கும்.

வேனிலிருந்து ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து சக்கரத்தில் ஊற்றப் போனார். “ஊத்தாதீங்க! வெடிச்சிரும்!” என்று கத்தினார் எங்கள் டிரைவர். பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் கீறல் விடும். கீறின சக்கரம் அப்போதைக்கு ஒன்றும் சொல்லாது; அடுத்த இறக்கத்தில் சொல்லும்.

“நியூட்ரல்ல விட்டியா?” என்று அந்தப் பையனைக் கேட்டார்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “டீசல் மிச்சமாகும்னு ஓனர் சொன்னாருண்ணே.”

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். இன்றைய வண்டிகளில், கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால் இஞ்சினுக்குள் எண்ணெய் போவதே அடியோடு நின்றுவிடும். சக்கரமே இஞ்சினைச் சுற்றிக்கொண்டு போகும். நியூட்ரலில் விட்டால்தான், இஞ்சின் அணையாமல் இருக்கச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் செலவாகும். ஆகவே அந்த முதலாளி மிச்சம் பிடிக்கச் சொன்ன இடத்தில் உண்மையில் செலவுதான் ஆகிறது. அந்தச் செலவுக்கு மேல் பன்னிரண்டு உயிர்களையும் பந்தயம் வைத்திருக்கிறது அந்தப் பொருளாதாரம்.

டிரைவர் வேனை முக்கால் மணி நேரம் நகரக் கூடாது என்றார். வேனில் இருந்த பெரியவர் ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய மகள் குடும்பத்தைக் கொடைரோடில் ரயில் ஏற்ற வேண்டும், டிக்கெட் வாங்கியாயிற்று. “ஏம்ப்பா, மெதுவாத்தானே போகப் போறோம்? உனக்கென்ன, உன் வண்டியைப் பாத்துக்கிட்டுப் போ” என்றார். அவரும் கெட்டவர் இல்லை. அவசரப்பட்டவர், அவ்வளவுதான்.

டிரைவர் அவருடன் வாதம் செய்யவில்லை. லாரியில் ஏறி, அதை வேனுக்கு முன்னால் குறுக்காகக் கொண்டுபோய் நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மதகுச் சுவரின்மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்துவிட்டார். “நானும் முக்கால் மணி நேரம் நிக்கிறேன் பெரியவரே. எனக்கும் லேட்டுதான். மண்டியில கத்துவாங்க, கேட்டுக்கிறேன்” என்றார்.

பெரியவர் கொஞ்ச நேரம் முணுமுணுத்தார். பிறகு அவருடைய மகள் கைக்குழந்தையுடன் இறங்கி வந்து நிழலில் உட்கார்ந்தாள். “அப்பா, ரயிலு நாளைக்கும் போகும்” என்றாள். அதற்குப் பிறகு முணுமுணுப்பும் நின்றுவிட்டது. எங்கள் பையன் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போய், புறங்கையைச் சக்கரத்துக்குப் பக்கத்தில், தொடாமல், காட்டிக் காட்டிப் பார்த்துவிட்டு வந்தான். முதலில் ஒரு முழத் தூரத்திலேயே கையை இழுத்துக்கொண்டான். கடைசியில் ஒரு சாண் தூரத்தில் வைத்து நின்றான். அதற்குள் பெடலும் கெட்டிப்பட்டுவிட்டது. டிரைவர் அந்த வேன்காரப் பையனைத் தம் பக்கத்தில் நிற்க வைத்து, இரண்டாவது கியரைத் தாண்டக் கூடாது என்றும், லாரியை முந்தக் கூடாது என்றும், அடிவாரம் போனதும் பிரேக் எண்ணெயைப் புதிதாக மாற்றாமல் வேறெங்கும் போகக் கூடாது என்றும் சொன்னார். பாடம் சொல்லுகிற குரலில் சொன்னார், திட்டவே இல்லை. காட்ரோடு வரைக்கும் அந்த வேன் எங்கள் வாலைப் பிடித்துக்கொண்டு கன்றுக்குட்டி மாதிரி வந்தது. அவர்களுக்கு ரயில் கிடைத்ததா என்பது எனக்குத் தெரியாது.

வழியில் நான் கேட்டேன்: “அண்ணே, இந்த முக்கால் மணி நேரத்துக்கு மண்டியில் என்ன சொல்லுவார்கள்?”

“ட்ரிப்புக்குத்தானே ஸார் கூலி? நின்ன நேரத்துக்கு யாரு குடுப்பா?” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்கு ரசிக்கவில்லை. மலைப்பாதையில் உயிரைக் காப்பாற்றுவது இந்த நிற்கிற நேரம்தான். முள் இறங்கும் வரையில் நிற்பது, சக்கரம் ஆறும் வரையில் நிற்பது, எதிரே ஏறுகிறவனுக்காக நிற்பது. ஆனால் நம் கணக்குப் புத்தகங்களில் ஓடின தூரத்துக்குத்தான் பத்தி இருக்கிறது. நின்ற நேரத்துக்குப் பத்தி கிடையாது. கூட்டம் தாங்காமல் போய், ஹைகோர்ட் உத்தரவின் பேரில் 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் உதகைக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. மலைக்கு எத்தனை வண்டி போகிறது என்று எண்ணத் தொடங்கியது நல்ல காரியம். அத்துடன் இறக்கத்தில் இரண்டு இடங்களில் எல்லா வண்டியும் பத்து நிமிஷம் கட்டாயமாக நின்று சக்கரத்தை ஆறவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு விதியும் வந்தால், சமவெளியிலிருந்து முதல் தடவையாக வருகிற பிள்ளைகள் பிழைத்துப் போவார்கள். வாடகை வண்டி முதலாளிகள் கூலியைப் பேசும்போது அந்த இருபது நிமிஷத்தையும் சேர்த்துப் பேசினால் அவர்கள் ஏழையாகிவிட மாட்டார்கள்.

வத்தலக்குண்டு போய்ச் சேர இருட்டிவிட்டது. மலைக்காற்றை மறந்து மறுபடி வேர்க்கத் தொடங்கிற்று. மண்டியில் எதிர்பார்த்தபடியே ஒருவர் கத்தினார். டிரைவர் வாய் திறக்கவில்லை. லாரியைச் சுற்றி ஒருமுறை நடந்து, ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் புறங்கையை நீட்டிப் பார்த்தார். பையனும் அவர் பின்னாலேயே போய், அவர் பார்த்த சக்கரத்தைத் தானும் ஒருமுறை பார்த்தான். நாலும் ஒரே சூடாக இருந்தன என்று சொன்னான். “அப்ப சரி” என்று சொல்லிவிட்டு, அவர் டீக்கடைக்கு நடந்தார்.